கடனில் சம பங்கு, செலவில்?

2021 ஆகஸ்ட் 9 அன்று தமிழக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றது. புதுக்கோட்டையில் சேரிக் குடும்பத்துக்கும் ஊர்த்தெருக் குடும்பத்துக்கும் ஒரே கணக்கு. கடனை வகுக்கும்போது மட்டும் சாதி குறுக்கே வரவில்லை.

யாரால் வந்த கடன்? "இலவசங்களால்" என்று நம்மை நோக்கிக் கை நீட்டுகிறார்கள். அதே அறிக்கை, அரசின் வரி வருவாய் சரிந்ததையும் மின்வாரியம், போக்குவரத்துக் கழகங்களின் இழப்பையும் காட்டியது.

செலவில் நம் பங்கு என்ன? மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்குத் திட்ட நிதி ஒதுக்கச் சொல்லும் சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80லேயே வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நாம் 20 விழுக்காடு. ஆனாலும் பொதுச்செலவின் ஒரு பகுதியை நம் கணக்கில் எழுதிக்காட்டுவதும், ஒதுக்கியதைச் செலவிடாமல் விடுவதும் தொடர்ந்தன. இதற்கெனத் தனிச்சட்டம் வர 2024 ஆனது.

நம் மாவட்டத்து வேங்கைவயலில், 2022 டிசம்பரில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தார்கள். கடன் கணக்கில் அந்தக் குடும்பங்களும் உண்டு. நல்ல தண்ணீருக்கு மட்டும் போராட வேண்டியிருந்தது.

தோழர்களே, நம் ஊராட்சிக்கு வந்த ஆதிதிராவிடர் நிதி எவ்வளவு, எதற்குச் செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம். கடனைச் சுமப்பவர்களுக்குக் கணக்குக் கேட்கவும் உரிமை உண்டு.