கலயத்திலிருந்து புட்டிக்கு

பதநீர் அருந்தியிருக்கிறீர்களா? கோடை நாட்களில் சாலையோர மரநிழலில் பானையை வைத்துக்கொண்டு பதநீர் விற்பவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மரத்தில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் அவர் சுண்ணாம்பு பூசியிருப்பார். பூசியிருந்தால் கலயத்தில் இறங்குவது பதநீர். பூசாவிட்டால் அதுவே கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, சாறும் ஒன்றுதான். ஆனால் அந்தச் சிறிது சுண்ணாம்பு, மரம் ஏறுபவரைத் தொழிலாளி என்றோ குற்றவாளி என்றோ பிரித்துவிடும் நிலை சேலம் மாவட்டத்தில் 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் பிறந்தது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்குச் சட்டம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது அன்றுதான், அங்குதான்.

அன்றைய சேலம் மாவட்டம் இன்றையதைவிட மிகப் பெரியது. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும்தான் தனி மாவட்டங்களாயின. ஆகவே சேர்வராயன் மலையடிவாரம் முதல் காவிரிக் கரை வரை ஒரே சட்டம் ஆண்டது. இந்தச் சமவெளி மக்கள் எதைக் குடித்தார்கள், எப்போது நிறுத்தினார்கள், மீண்டும் தொடங்கியபோது கையில் எடுத்தது எது என்பதைப் பார்ப்போம். முதலில் குடித்ததும் பின்னர்க் குடித்ததும் ஒன்றல்ல என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் வேதியியல் வேண்டும். பாளையிலிருந்து வடியும் சாற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு சர்க்கரை உள்ளது. காற்றிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் இந்தச் சர்க்கரையைத் தின்று, எத்தில் ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் மாறினால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் வாயுவும் கிடைக்கும் என்பது கணக்கு. கள் நுரைப்பது இந்த வாயுவால்தான். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்குவதால் ஈஸ்டால் பெருக முடிவதில்லை. சுண்ணாம்பு இல்லையென்றால் சில மணி நேரத்திலேயே நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு ஆல்கஹால் சேர்ந்துவிடும். ஆனால் கதை அத்துடன் நிற்பதில்லை. வேறு வகை நுண்ணுயிர்கள் புகுந்து ஆல்கஹாலைப் புளிக்காடியாக மாற்றத் தொடங்குகின்றன. மறுநாள் அது வாயில் வைக்க முடியாதபடி புளித்துப்போகும்.

ஆகவே கள்ளுக்கு ஆயுள் ஒரு நாள். தொலைவுக்குக் கொண்டுபோக முடியாது. சேர்த்து வைக்கவும் முடியாது. பனங்கள்ளுக்குப் பருவமும் உண்டு. மரம் நிற்கும் ஊரில், இறக்கிய அன்றே குடித்தாக வேண்டும். பனை, தென்னை, ஈச்சமரம் ஆகிய மூன்றும் இப்பகுதிக்குப் பழக்கமானவை. தகடூர் அதியமான் ஔவையாருடன் கள்ளைப் பகிர்ந்துகொண்டதைப் புறநானூறு கூறுகிறது. தகடூர்தான் இன்றைய தருமபுரி.

கள் தீங்கற்றது என்று சொல்ல வரவில்லை. கூலியை வாங்கிய கையோடு கள்ளுக்கடையில் நுழைந்தவரின் வீட்டில் அன்று உலை ஏறாது. 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டத்திற்குப் பின் கடைகள் ஏலத்தில் போயின. மரத்திற்கும் வரி விதிக்கப்பட்டது. அதிகப் பணம் கட்டிக் கடையை எடுத்தவர் அதிகமாக விற்றால்தான் முதலை மீட்க முடியும். 1930களில் மாகாண வருமானத்தில் ஏறத்தாழக் கால் பங்கு மதுவிலிருந்து வந்தது என்றால், அரசுக்கும் குடிகாரருக்கும் இருந்த உறவு உங்களுக்கு விளங்கும்.

இந்த உறவை அறுக்க வேண்டும் என்று முனைந்தவர் இராஜாஜி. 1925இல் திருச்செங்கோட்டிற்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிய அவர், 1929இல் 'விமோசனம்' என்ற மாத இதழையும் அங்கிருந்து நடத்தினார். மதுவிலக்கு ஒன்றையே பொருளாகக் கொண்ட அந்த இதழில் அவருக்குத் துணை நின்றவர் கல்கி. 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் இராஜாஜி தம் சொந்த மாவட்டத்தையே சோதனைக் களமாகத் தேர்ந்தெடுத்தார். கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. குடிப்பவர்கள் மாலைப் பொழுதைக் கழிக்க வேண்டுமே! பஜனை, விளையாட்டு, நாடகம் என்று ஏற்பாடுகள் நடந்தன. மரம் ஏறுவோருக்குச் சுண்ணாம்பிட்ட பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழி செய்யப்பட்டது. ஆனால் விறகு வாங்கிச் சாற்றைக் காய்ச்சி வெல்லமாக்கி விற்பதும், இறக்கியதை இறக்கிய இடத்தில் கள்ளாக விற்பதும் ஒன்றாகுமா? இந்தச் சோதனையில் மிகுந்த இழப்பை ஏற்றவர்கள் அவர்களே என்பது என் கருத்து.

பலன் என்ன? சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் அறிஞர்கள் சேலத்துக் குடும்பங்களை நேரில் ஆராய்ந்தார்கள். மதுவுக்குப் போன காசு உணவுக்கும் துணிக்கும் திரும்பியது என்பதே அவர்கள் கண்ட பொதுவான முடிவு. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். அமைச்சரவை, கலெக்டர், போலீஸ், தொண்டர்கள் எல்லாருடைய கண்ணும் ஒரே மாவட்டத்தின் மேல் இருந்த முதலாண்டில் எடுத்த கணக்கு அது. முதலாண்டு எப்போதும் எளிது.

வருமான இழப்பை ஈடுசெய்ய இராஜாஜி அரசு 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இந்த வரியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் மீண்டும் வருவோம்.

மதுவிலக்கு 1938இல் சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939இல் வட ஆற்காட்டிற்கும் பரவியது. அந்த ஆண்டே அமைச்சரவை பதவி விலகியது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஆளுநரின் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. மீண்டும் 1946 முதல் படிப்படியாக வந்து, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் காலத்தில் 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் நிலைபெற்றது.

இனிமேல்தான் நாம் கவனிக்க வேண்டிய மாற்றம் தொடங்குகிறது. மதுவிலக்குக் காலத்தில் கள்ளை ஒளிக்க முடியாது. மரத்தின் உச்சியில் கட்டிய கலயம் ஊருக்கே தெரியும்; வாடை வேறு. ஒளிக்கக் கூடியது சாராயம். வெல்லத்தையும் வேலம்பட்டையையும் பானையிலிட்டு ஊறல் போட்டு, மலையடிவாரத்திலோ ஓடைக் கரையிலோ இரவில் காய்ச்சினால், ஒரு பானைக் கள்ளின் போதை ஒரு சிறு குப்பிக்குள் அடங்கிவிடும். மாதக்கணக்கில் கெடாது; சைக்கிளில் கட்டி எடுத்துச் செல்லலாம். காவிரிக் கரையின் வெல்லமும் கல்வராயன், சேர்வராயன் மலைகளின் மறைவிடங்களும் அதற்கு வாய்ப்பாயின. இஞ்சி டிங்சரைக் குடித்தவர்களும் உண்டு. ஆக, குடிப்பவர் தொகை குறைந்தது உண்மை. மிஞ்சியவர்கள் குடித்தது முன்னைவிடக் கடுமையானது என்பதும் உண்மை.

1971 ஆகஸ்டு 30 அன்று தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. இருபத்துமூன்று ஆண்டுகளாகக் கடையையே பாராத ஒரு தலைமுறை கள்ளுக்கடை வாசலைக் கண்டது. 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. 1981இல் மீண்டும் திறந்தன. 1983இல் அரசு மது விற்பனைக்கென்றே டாஸ்மாக் என்னும் நிறுவனத்தை அமைத்தது. 1987 தொடக்கத்தில் கள்ளுக்கும் சாராயத்திற்கும் தடை வந்தது. 1990இல் மலிவு விலை மது வந்து 1991இல் போயிற்று. 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே நடத்துகிறது. படிக்கும்போதே தலை சுற்றுகிறதல்லவா? ஆனால் இந்தத் திறப்பு மூடல்களின் ஊடே ஒன்று மட்டும் சீராக நடந்தது. கெடக்கூடியது போயிற்று, கெடாமல் அடுக்கிவைத்து எண்ணி வரி போடக்கூடியது நின்றது. 1987க்குப் பின் தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம். அண்டையிலுள்ள கேரளத்தில் அது உரிமத்தோடு நடக்கும் தொழில்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கி போன்றவற்றில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 180 மில்லிலிட்டர் கொண்ட கால் புட்டியில் தூய ஆல்கஹால் 77 மில்லிலிட்டர். ஐந்து சதவீதக் கள்ளில் அதே அளவு ஆல்கஹாலைப் பெற ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். வயிறு தடுத்துவிடும், நேரமும் ஆகும். புட்டிக்கு அத்தகைய தடை எதுவும் இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21இல் எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மது அருந்துகிறார். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தலைகளை எண்ணும் இந்தக் கணக்கில், ஒவ்வொரு தலைக்கும் உள்ளே போகும் ஆல்கஹாலின் அளவு தெரிவதில்லை.

புட்டி விலை கட்டாதவர்களுக்குக் கள்ளச்சாராயம் இன்றும் இருக்கிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நோயாளிகளில் பலர் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே கொன்றது மெத்தில் ஆல்கஹால். இது ஊறலில் தானாக ஆபத்தான அளவுக்கு உண்டாவதன்று, தொழிற்சாலைக் கரைப்பான். நிறத்திலும் மணத்திலும் எத்தில் ஆல்கஹாலைப் போன்றே இருப்பதால் நாக்கு ஏமாறும், ஈரல் ஏமாறாது. ஈரலின் என்சைம்கள் இதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகின்றன. அது கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கிறது. இரத்தம் அமிலமாகி உயிரும் போகிறது. வியப்பு என்னவென்றால், முறிவு மருந்துகளுள் எத்தில் ஆல்கஹாலும் ஒன்று. அதே என்சைமைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு, நஞ்சு உருவாவதைத் தாமதப்படுத்துகிறது.

இனி அந்த விற்பனை வரிக்கு வருவோம். மது வருமானத்தை விட்டுவிடுவதற்காகப் பிறந்த அந்த வரி, பெயரும் வடிவமும் மாறி வளர்ந்து, மாநிலத்தின் முக்கிய வருவாயாயிற்று. 2017இல் பெரும்பாலான பொருள்கள் மீதான விற்பனை வரியைச் சரக்கு சேவை வரி விழுங்கிக்கொண்டது. மாநில அரசின் கையில் பழைய முறையில் மிஞ்சிய சில பொருள்களுள் பெட்ரோலும் மதுவும் அடங்கும். 2023-24இல் டாஸ்மாக் வழியே அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி அந்த விற்பனை வரிதான்.