கதிர்த் தடமறிதலில் இரைச்சல் நீக்கம்

கதிர்த் தடமறிதலில் இரைச்சல் நீக்கம் என்பது, ஒளிக்கதிர்களின் பாதையைக் கணித்து வரையப்படும் கணினிப் படங்களில் தோன்றும் புள்ளிபுள்ளியான இரைச்சலைக் குறைக்கும் முறைகளின் பொதுப்பெயர் ஆகும். கணினி விளையாட்டுகளைப் போல, காட்சி நகர நகர உடனுக்குடன் படம் வரையப்பட வேண்டிய இடங்களில் இது இன்றியமையாதது. அசையாத காட்சியில் இரைச்சல் மறையும் வரை காத்திருக்கலாம். நகரும் காட்சியில் அதற்கு நேரம் இல்லை. எனவே இம்முறைகள் முந்தைய சட்டகங்களிலிருந்தும் பக்கத்துப் படவணுக்களிலிருந்தும் ஒளித் தகவலைக் கடன் வாங்குகின்றன. அவ்வாறு பெற்ற தகவல் எங்கே பொருந்தாமல் போகிறது என்பதைக் கண்டறிவதே இத்துறையின் முதன்மைச் சிக்கல் ஆகும்.

இரைச்சல் தோன்றும் விதம்

ரே டிரேசிங் எனப்படும் கதிர்த் தடமறிதலில், பார்ப்பவரின் கண்ணிலிருந்து ஒவ்வொரு பிக்சல் (படவணு) வழியாகவும் காட்சிக்குள் ஒரு கதிர் செலுத்தப்படுகிறது. அது ஒரு பரப்பைத் தொட்டதும், அப்புள்ளிக்கு எங்கிருந்தெல்லாம் ஒளி வருகிறது என்று கணக்கிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மழை ஓய்ந்த இரவில் சென்னையின் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து செல்லும் காட்சியைக் கருதலாம். ஈரச் சாலையின் ஒரு புள்ளிக்குத் தெருவிளக்கு, கடைகளின் பெயர்ப்பலகைகள், எதிரே வரும் வண்டிகளின் முகப்பு விளக்குகள் எனப் பல திசைகளிலிருந்து ஒளி வருகிறது. எல்லாத் திசைகளையும் கணக்கிட இயலாது என்பதால், சில திசைகள் மட்டும் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு அவற்றின் சராசரி எடுக்கப்படுகிறது. இது மொண்டே கார்லோ முறை எனப்படும். ஒரு படவணுவின் கதிர் விளக்கைத் தொடலாம். அடுத்த படவணுவின் கதிர் இருண்ட வானத்துக்குச் சென்றுவிடலாம். முன்னது பளிச்சென்றும் பின்னது கறுப்பாகவும் தெரியும். இந்த வேறுபாடே இரைச்சல் ஆகும்.

மாதிரிகளின் எண்ணிக்கை கூடினால் இரைச்சல் குறையும். ஆனால் அது எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலேயே குறைகிறது. இரைச்சலைப் பாதியாக்க 4 மடங்கு மாதிரிகள் தேவை. 32இல் ஒரு பங்காக்க 1,024 மடங்கு தேவை.

நேர வரம்பு

1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 படவணுக்கள் உள்ளன. நொடிக்கு 60 சட்டகங்கள் காட்ட வேண்டுமெனில், ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி மட்டுமே. படவணுவுக்கு ஒரு கதிர்ப்பாதை என்றாலே நொடிக்கு 12.4 கோடிப் பாதைகள் ஆகின்றன. படவணுவுக்கு 1,024 பாதைகள் என்றால் இது ஏறத்தாழ 12,740 கோடியாகும். திரைப்படத் தயாரிப்பில் ஒரு சட்டகத்துக்குப் பல மணி நேரம் செலவிட முடியும், விளையாட்டில் முடியாது. ஆகையால் படவணுவுக்கு ஒன்றிரண்டு பாதைகளைக் கொண்டு படத்தை வரைந்து, எஞ்சிய இரைச்சலை வடிகட்டிகளால் நீக்குவதே நடைமுறை.

முறைகள்

காலவழிச் சேர்ப்பு

ஒவ்வொரு படவணுவும் முந்தைய சட்டகத்தில் எங்கே இருந்தது என்பது நகர்வுத் திசையனைக் கொண்டு கண்டறியப்படுகிறது. ஆழமும் பரப்பின் திசையும் ஒத்துப்போனால், பழைய நிறமும் புதிய நிறமும் கலக்கப்படுகின்றன. புதியதற்கு 20 விழுக்காடும் பழையதற்கு 80 விழுக்காடும் எடை கொடுத்தால், போதிய சட்டகங்களுக்குப் பின் இதன் பயன் 9 மாதிரிகளின் சராசரிக்குச் சமமாகும். அதாவது இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

இடவழி வடிகட்டல்

பக்கத்துப் படவணுக்களின் சராசரி எடுக்கப்படுகிறது. ஆனால் ஆழம், பரப்பின் திசை, ஒளிர்வு ஆகியன வேறுபடும் இடங்களில் எடை குறைக்கப்படுவதால், பேருந்தின் விளிம்பு பின்னணியுடன் கலந்துவிடுவதில்லை. 'ஆ துரூ' எனப்படும் அலைச்சிறுவடிகட்டியில், 25 புள்ளிகள் கொண்ட சிறிய வடிகட்டி 1, 2, 4, 8, 16 என்ற இடைவெளிகளில் ஐந்து முறை இயக்கப்படுகிறது. இதனால் 125 × 125 படவணுப் பரப்பை, 15,625 வாசிப்புகளுக்கு மாறாக 125 வாசிப்புகளிலேயே கையாள முடிகிறது.

பரப்பு நிறத்தைப் பிரித்தல்

பரப்பின் சொந்த நிறமும் அதன்மேல் விழும் ஒளியும் தனித்தனியே வைக்கப்படுகின்றன. ஒளி மட்டும் வடிகட்டப்பட்டு, பின்னர் நிறத்துடன் பெருக்கப்படுகிறது. பேருந்துப் பலகையில் உள்ள எழுத்துகள் மங்காமல் இருப்பது இதனாலேயே.

குறைபாடுகள்

காட்சி நகரும் இடங்களிலேயே மேற்கண்ட முறைகள் தவறுகின்றன.

புதிதாக வெளிப்படும் பரப்பு: பேருந்து நகர்ந்ததும் அதன் பின்னிருந்த கடைச்சுவர் வெளிப்படுகிறது. அதற்கு முந்தைய சட்டகங்களில் தகவல் ஏதும் இல்லை. எனவே பேருந்தின் பின்னால் இரைச்சல் மிகுந்த பட்டை ஒன்று தொடர்ந்து வரும்.

ஒளி மாற்றம்: ஒரு விளக்கு அணைந்தால் அதன் ஒளி உடனே மறைவதில்லை. 80 விழுக்காடு பழைய எடை எனில், 10 சட்டகங்களுக்குப் பின்னும் ஏறத்தாழ 11 விழுக்காடு எஞ்சும். இது கோஸ்டிங் அல்லது எச்சவுரு எனப்படுகிறது. பழைய எடையைக் குறைத்தால் எச்சவுரு குறையும், இரைச்சல் கூடும்.

எதிரொளிப்பு: ஈரச் சாலை அசையாதது என்பதால், அதன் நகர்வுத் திசையன் பழைய நிறத்தையே எடுத்துக்கொள்ளுமாறு காட்டுகிறது. ஆனால் அச்சாலையில் தெரியும் பேருந்தின் பிம்பம் நகர்கிறது. இதனால் பிம்பம் இழுபட்டுத் தெரியும். இதைத் தவிர்க்க, எதிரொளிப்பில் தெரியும் பொருளின் தொலைவையும் கணக்கில் கொண்டு பழைய இடம் தேடப்படுகிறது.

இரைச்சல் நீக்கி புதிதாக ஒளியை அளப்பதில்லை, அளந்தவற்றிலிருந்து ஊகிக்கிறது. எக்கதிரும் தொடாத சிறிய விளக்கொன்றை எந்த வடிகட்டியாலும் மீட்க இயலாது. விளையாட்டில் இது பார்வைக் குறை மட்டுமே. ஓட்டுநர் பயிற்சிக்கான பாவிப்புக் கருவிகளில், சாலையைக் கடப்பவரின் நிழல் சில சட்டகங்கள் தாமதமாகத் தோன்றுவதும் பொருட்படுத்த வேண்டிய பிழையாகும்.

வரலாறு

1980இல் டர்னர் விட்டெட் வெளியிட்ட கட்டுரை, எதிரொளிப்பையும் ஒளிவிலகலையும் கதிர்த் தடமறிதலால் காட்டியது. 1984இல் குக், போர்ட்டர், கார்ப்பென்டர் ஆகியோர் கதிர்களைத் தற்செயலாகப் பரப்பி மென்னிழல்களையும் நகர்வு மங்கலையும் உருவாக்கினர். 1986இல் ஜேம்ஸ் கஜியா ஒளியூட்டல் சமன்பாட்டையும் பாதைத் தடமறிதலையும் முன்வைத்தார். இரைச்சல் சிக்கலும் இவற்றோடு வந்தது.

2012இல் ரவி ராமமூர்த்தி தம் மாணவர்களுடன் இணைந்து, மென்னிழல்களின் அலைவெண்ணை ஆராய்ந்து படவணுவுக்குப் படவணு வடிகட்டியின் அகலத்தைத் தீர்மானிக்கும் விரைவான முறையை வெளியிட்டார். 2017இல் கிறிஸ்டோஃப் ஷீட் முதலானோர், காலவழி, இடவழி முறைகளை இணைத்து, ஒவ்வோரிடத்திலும் உள்ள இரைச்சலின் அளவுக்கேற்ப வடிகட்டும் எஸ்.வி.ஜி.எஃப். முறையை அறிமுகப்படுத்தினர். படவணுவுக்கு ஒரே ஒரு பாதையைக் கொண்டு இது இயங்கியது. அதே ஆண்டில் நரம்பணு வலையமைப்பைப் பயன்படுத்தும் இரைச்சல் நீக்கி ஒன்றும் வெளியானது.

2018இல் என்விடியா நிறுவனம் கதிர்த் தடமறிதலுக்கெனத் தனி வன்பொருள் கொண்ட ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வரைகலை அட்டைகளை வெளியிட்டது. அதே ஆண்டில் ஷீட் குழுவினர், ஒளி மாறும் இடங்களை உணர்ந்து பழைய தகவலைக் கைவிடும் மேம்பட்ட முறையை அளித்தனர். 2019இல் வெளியான குவேக் 2 ஆர்டிஎக்ஸ் விளையாட்டில் இம்முறை பயன்பட்டது. 2020இல் வெளியான ரெஸ்டிர் முறை, நிறங்களை மட்டுமன்றி நல்ல ஒளி மாதிரிகளையே சட்டகங்களுக்கிடையே பகிர்ந்துகொண்டு, வடிகட்டலுக்கு முன்பே இரைச்சலைக் குறைத்தது. 2023இல் டிஎல்எஸ்எஸ் 3.5 தொகுப்பு, கையால் அமைக்கப்பட்ட வடிகட்டிகளுக்குப் பதிலாகப் பயிற்றுவிக்கப்பட்ட ஒரே வலையமைப்பைப் பயன்படுத்தும் வசதியை விளையாட்டுகளுக்கு அளித்தது.

இவற்றையும் பார்க்கவும்

கணினி வரைகலை
மொண்டே கார்லோ முறை
வரைகலைச் செயலி