விறகுவெட்டியின் கோடரி

அடுப்பில் எரிவது என்ன மரம் என்று நம் வீட்டு மூதாட்டியரைக் கேட்டால், புகையின் மணத்தைக் கொண்டே சொல்லிவிடுவர். புளி நின்று எரியும்; முருங்கை புகைந்தே பொழுதைப் போக்கும்; கருவேலம் தணலாக நெடுநேரம் நிலைக்கும். இவையெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த விறகை வெட்டியவர் யார் என்று கேட்டால் மட்டும் விடை கிடைப்பதில்லை. விறகுக்காரன், விறகுக்காரி என்பதோடு பெயர் முடிந்துவிடுகிறது. நம் நாட்டின் ஊர் வரலாறுகளைப் புரட்டிப் பார்க்கின்றோம். நிலம் கொடுத்தவர் பெயரும் விளக்கெரிக்க ஆடு அளித்தவர் பெயரும் கல்லிலே உண்டு. சமையலுக்கு விறகு சுமந்தவரின் வாழ்வை அறிய அவருடைய கருவிகளைத்தான் கேட்டாக வேண்டும்.

முதலில் கோடரி. பார்வைக்கு எளிய கருவி. இரும்புத் தலை ஒன்று. அதன் காதில் நுழையும் காம்பு ஒன்று. இரண்டையும் இறுக்கிப் பிடிக்கச் சிறியதோர் ஆப்பு. ஆனால் வெட்டுகிறவரின் கவலையெல்லாம் அந்தக் காதருகிலேயே குடியிருக்கிறது. கோடையில் காம்பு உலர்ந்து சுருங்கும். தலை ஆடத் தொடங்கும். ஆகவே வேலைக்கு முந்திய இரவே கோடரித் தலையை நீரில் ஊறப் போடுவர். மரம் ஊறிப் பருத்து இரும்பைக் கவ்விக்கொள்ளும். காம்புக்கு நாட்டுக் கருவேலம் போன்ற வைரம் பாய்ந்த மரத்தில், நார் நீளவாட்டில் ஓடும் துண்டாகத் தேர்ந்தெடுப்பர். கணு இருந்தால் தள்ளிவிடுவர். ஓங்கி வெட்டும்போது அந்த இடத்தில்தான் முறியும். மரத்தை அழிக்க மரமே துணைபோவதைக் கண்ட நம் முன்னோர் கோடாலிக் காம்பைக் குலத்துக்கு ஈனம் என்று பழித்தனர். விறகுவெட்டிக்கோ அந்தக் காம்பு உள்ளங்கையோடு ஒட்டிய உறுப்பு.

இந்தக் கவலை மிகப் பழையது. இணைச்சட்ட நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் இருவர் மரம் வெட்டக் காட்டுக்குச் செல்கின்றனர். ஒருவர் ஓங்கும்போது காம்பிலிருந்து இரும்பு கழன்று தோழர்மீது பட்டு, அவர் இறந்துபோகிறார். வெட்டியவர் பகையேதும் இல்லாதவர். ஆதலால் அடைக்கல நகரொன்றுக்கு ஓடிப் பிழைக்கலாம் என்று சட்டம் இடமளிக்கிறது. கொலைக்கும் விபத்துக்கும் வேறுபாடு காட்ட வந்த இடத்தில், சட்டம் எடுத்துக்கொண்ட சான்று விறகுவெட்டியின் அன்றாடத் தொழில் என்பதை நாம் எத்தனை முறை கவனித்திருக்கின்றோம்? அரசர்கள் இரண்டாம் நூலில் இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்தவர்கள் யோர்தான் கரையில் மரம் வெட்டும்போது ஒருவரின் கோடரி நீரில் விழுந்துவிடுகிறது. அது இரவல் வாங்கியது என்று அவர் அலறுகிறார். எலிசாவின் சொல்லால் இரும்பு மிதந்த அருஞ்செயலையே நாம் நினைவில் வைத்துக்கொள்கின்றோம். இரவல் கோடரி தொலைந்தால் அதை எப்படி ஈடுசெய்வது என்று அலறியவரின் அச்சத்தை விறகு வெட்டிப் பிழைப்பவர்களே உடனே புரிந்துகொள்வார்கள்.

கோடரியின் கூர் கொல்லன் பட்டறையில் பிறந்தது. தேய்ந்த வாயை உலையில் காய்ச்சி அடித்து, நீரில் அமிழ்த்தித் தோய்ச்சல் கொடுப்பார் கொல்லர். தோய்ச்சல் மிகுந்தால் விளிம்பு சில்லுச் சில்லாக உதிரும். குறைந்தால் மழுங்கி மடங்கும். அந்த உலைக்கும் கரி வேண்டும். வெட்டியவர் எரித்த கரியில்தான் அவருடைய கோடரியே கூர் பெற்றது.

பெருமரங்களை அறுத்துப் பலகையாக்கியவர்களின் பாடு வேறு. குழியின்மேல் அடிமரத்தைக் கிடத்தி, கரி தோய்ந்த நூலை இழுத்து அடித்துக் கோடு போடுவர். மேலே ஒருவர், குழிக்குள் ஒருவராக நின்று நீண்ட வாளை இழுப்பர். மேலே நிற்பவருக்குக் கோட்டின்மேல் கண்; கீழே நிற்பவருக்கோ கண்ணெல்லாம் மரத்தூள். வாளின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் சற்றே சாய்த்து, அரத்தால் கூராக்கி வைக்க வேண்டும். அச்சாய்வு பிசகினால் வாள் மரத்துக்குள் சிக்கிக்கொள்ளும். வட்ட வாள்கள் சுழலும் அறுவை ஆலைகள் பெருகியபின் இந்தக் குழிகள் தூர்ந்துபோயின.

வெட்டிய விறகு ஊருக்கு வந்து சேர்வதும் சுமைதான். சும்மாட்டின்மேல் கட்டை வைத்துத் தலைச்சுமையாக நடந்துவந்த பெண்கள் ஒருபுறம். பக்கிங்காம் கால்வாயில் படகு படகாகச் சென்னை வந்திறங்கிய விறகு மறுபுறம். தொட்டிகளில் அது எடைக்கு விற்கப்பட்டது. எட்டு வீசை ஒரு மணங்கு. இருபது மணங்கு ஒரு கண்டி, அதாவது 500 இராத்தல். பச்சை விறகு கனக்கும், உலர்ந்தது இளைக்கும். வாங்குபவர் ஈரத்துக்குக் கழிவு கேட்பார்; வெட்டியவரிடம் கணக்குப் பார்ப்பவரும் அதே ஈரத்தைச் சொல்லிக் குறைப்பார். தராசு எப்பக்கம் சாய்ந்தாலும் இழப்பு ஒருவருக்கே.

இதுவரை சொன்ன கருவிகள் பெரும்பாலும் வெட்டுகிறவருடைய கைவசம் இருந்தவை. மரம் யாருடையது என்ற கேள்வியிலேதான் அவருடைய வரலாறு திசைமாறுகிறது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அந்நாளைய இயந்திரங்கள் விறகைத் தின்றே ஓடின. இரயில் அடுப்புக்கு விறகு வேண்டுமென்று சோழமண்டலக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. காடுகள் குறைவது கண்டு கலங்கிய அரசு அதே 1856இல் கிளெகார்ன் என்ற மருத்துவரைச் சென்னை மாகாணக் காடுகளின் பாதுகாவலராக அமர்த்தியது. அவரும் அவருக்குப்பின் வந்தவர்களும் காடு அழிவதைக் குறித்துக் கொண்ட கவலை பொய்யன்று. ஆயினும் 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தபோது, அதன் பளு இரயில் கம்பெனியைவிடத் தலைச்சுமைக்காரரையே அழுத்தியது என்பது நம் கருத்து. ஒதுக்கப்பட்ட காட்டில் அனுமதியின்றி ஒரு மரத்தை வெட்டினால் அது குற்றம். கோடரியோடு காட்டோரம் நடப்பவரே காவலருக்கு ஐயத்துக்கிடமானவர் ஆனார். அன்றுமுதல் விறகுவெட்டியின் கருவிகளுள் அனுமதிச் சீட்டும் ஒன்றாகிவிட்டது. கூர் மழுங்கினால் கொல்லரிடம் போகலாம். சீட்டு இல்லாவிட்டால் எங்கே போவது?

காடு எட்டாமற் போனவர்களுக்கு முள் கிடைத்தது. 1870களின் பிற்பகுதியில் காட்டுத்துறை அலுவலர் பெட்டோம் என்பவரின் வேண்டுகோளின்படி ஜமைக்காவிலிருந்து விதை தருவிக்கப்பட்டு, கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது ஒரு மரம். அதுவே பின்னாளில் இராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடிச் சீமைகளின் கண்மாய்களையும் தரிசுகளையும் மூடிக்கொண்ட சீமைக் கருவேலம். மழை பொய்த்த ஊர்களில் அது விளைநிலத்தை விழுங்கிற்று என்று உழவர் சபிக்கின்றனர். அச்சாபத்தில் நியாயம் உண்டு. நிலமே இல்லாதவருக்கோ அதுவே விளைச்சலாயிற்று.

இம்மரத்தை வெட்டக் கோடரி மட்டும் போதாது. முள் உள்ளங்காலைத் துளைத்துச் சீழ்பிடிக்கச் செய்யும். அதனால் பழைய டயரை அறுத்துச் செய்த செருப்பு வேண்டும். வெட்டிய கிளையைக் கை படாமல் தள்ள முனை பிரிந்த கவைக்கம்பு வேண்டும். பின்பு கரிமூட்டம். கட்டைகளை நெருக்கி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போர்த்து, உள்ளே நெருப்பை வைத்துப் பல நாள் புழுங்க விடுவர். போர்வையில் எங்கேனும் வெடிப்பு விழுந்தால் காற்றுப் புகுந்து கரியாக வேண்டியது சாம்பலாகிவிடும். ஆகவே இரவிலும் ஒருவர் விழித்திருந்து மண்ணள்ளிப் பூச வேண்டும். மூட்டத்தின்மேல் நடக்கையில் கால் புதைந்தால் கீழே தணல். இத்தனைக்கும், நான்கைந்து பங்கு விறகுக்கு ஒரு பங்கு கரி தேறினாலே நல்ல மூட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் நின்றுவிடும். அந்த இரண்டு மாத வயிற்றுப்பாட்டுக்கு வாங்குவதே முன்பணம்.

முன்பணம் என்னும் சொல்லைக் கேட்கும்போது யோசுவா நூலின் கிபயோனியரை நினைக்கின்றோம். உயிர் தப்பிய அவர்கள் விறகு வெட்டுவோராகவும் தண்ணீர் சுமப்போராகவும் அடிமைப்பட்டனர் என்று ஒன்பதாம் அதிகாரம் சொல்கிறது. நம் நாட்டில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் நிறைவேறியது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர், குழந்தைகள் உட்பட, மீட்கப்பட்டனர். இருளர் குடும்பத்தினர். சிறுதொகைக் கடனுக்காக ஆண்டுக்கணக்கில் வெட்டியவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து கும்பிடும் படம் அந்நாளில் நாளேடுகளில் வெளிவந்தது. சட்டத்துக்கும் அந்தப் படத்துக்கும் இடையே 43 ஆண்டுகள்.

வீட்டடுப்புகள் இப்போது மாறிவிட்டன. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டமும் அதற்கு முன்பே தமிழக அரசு வழங்கிய எரிவாயு அடுப்புகளும் பல சமையலறைகளின் புகையைக் குறைத்தன. தாய்மார்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது பெரிய விடுதலை. அதில் நமக்கு மகிழ்ச்சியே. வெட்டிய மரம் மட்டும் நின்றுவிடவில்லை. செங்கற் சூளைக்கும் தேநீர்க் கடைக்கும் மரக்கழிவில் மின்சாரம் எடுக்கும் ஆலைக்கும் அது போய்க்கொண்டுதான் இருக்கிறது. வெட்டும் முறைதான் வேறாகிறது. பெட்ரோலில் ஓடும் சங்கிலி வாள் பலருடைய நாள்வேலையை ஒரு முற்பகலில் முடித்துவிடுகிறது. முன்பு கடப்பாரையும் கோடரியுமாகத் தோண்டி எடுத்த தூரை மண்ணள்ளும் இயந்திரம் ஒரே பிடியில் பெயர்த்தெறிகிறது. தூர்க்கட்டையில் கிடைக்கும் கரி கனமானது; அதைத் தோண்டும் வேலைக்குத் தனிக் கூலி இருந்தது.

சங்கிலி வாளுக்கும் அதற்கே உரிய கவலைகள் உண்டு. சங்கிலி தளர்ந்தால் தெறிக்கும். நுனி கட்டையில் பட்டால் வாள் முகத்தை நோக்கி எகிறும். பற்களை உருட்டரத்தால் அடிக்கடி தீட்ட வேண்டும். எண்ணெய் கலந்த பெட்ரோலுக்கு நாள்தோறும் பணம் வேண்டும். தலைக்கவசமோ கண்ணாடியோ இல்லாமல், அதே டயர் செருப்போடு அதை இயக்குபவர்களைக் காண்கின்றோம். பல இடங்களில் வாள் ஒருவருடையது, இயக்கும் கை மற்றொருவருடையது. மாலையில் கூலியை எண்ணும்போது வாளின் வாடகையும் பெட்ரோலும் முதலில் கழிகின்றன.