வடதலைநகரில் ஒரு மஅபர் அமைச்சர்

பழனியை அடுத்த பாலசமுத்திரத்திலிருந்து நோக்கும் நமக்குப் பெய்ஜிங் நெடுந்தொலைவு. சீனமொழி கற்கவும் வணிகம் செய்யவும் அங்குப் புறப்படும் பிள்ளைகளை வழியனுப்பும் பெற்றோரின் உள்ளத்தில் இரு கேள்விகள் எழுவது இயல்பு: எங்கே தொழுவார்கள்? எதை உண்பார்கள்? இவற்றுக்கு விடை தேடப் புகுந்தால், அந்நகருக்கும் தமிழகக் கடற்கரைக்கும் இடையே நிலவிய பழைய உறவொன்று புலனாகிறது.

பெய்ஜிங் என்னும் சொல்லுக்கு வடதலைநகர் என்பது பொருள். மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் 1267ஆம் ஆண்டில் இங்குத் தம் புதிய தலைநகரை எழுப்பத் தொடங்கினார். முஸ்லிம் வரலாற்றாசிரியர்கள் அதனைக் 'கான்பாலிக்', அதாவது கானின் நகரம் என்று அழைத்தனர். அந்நகரைக் கட்டும் பணியை மேற்பார்வையிட்டோருள் முஸ்லிம் கட்டடக் கலைஞர் ஒருவரும் இருந்தார். 1289இல் முஸ்லிம்களின் எழுத்துமுறையைக் கற்பிக்க அரசுக் கல்விக்கூடம் ஒன்றும் அங்கு நிறுவப்பட்டது. ஆக, அயல்மொழி கற்போருக்கு அந்நகர் அன்றே இடமளித்துள்ளது.

அக்காலத்தில் பாண்டியர் ஆண்ட நம் கடற்கரையை அரபியர் 'மஅபர்' என்றனர். அந்நாட்டின் அமைச்சராயிருந்த முஸ்லிம் பெருமகனார் ஒருவரைச் சீன ஏடுகள் 'புஆலி' என்று குறிக்கின்றன. அபூஅலீ என்பதன் சீன ஒலிப்பாக அதனைக் கொள்ளலாம். 1281இல் இங்கு வந்த சீனத் தூதரை அவர் சந்தித்தார். பின்னர் 1291இல் தாயகத்தைத் துறந்து குப்ளாயிடம் சென்றடைந்தார். 1299இல் அத்தலைநகரிலேயே காலமானார். அவருடல் சுவான்சோ துறைமுக நகரில் அடக்கம் செய்யப்பட்டது. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருப்பதும் அதே சுவான்சோவில்தான்.

தொழுகைக்கு வருவோம். நகரின் நியூஜியே என்னும் 'மாட்டுத் தெரு'வில் உள்ள பள்ளிவாசல் 996இல் தோன்றியது என்பது மரபுச் செய்தி. வெளியே சீனக் கோயிலை ஒத்த கூரை. உள்ளே அரபு எழுத்தணி. பிறைகாண ஒரு கோபுரமும் உண்டு. 1280, 1283ஆம் ஆண்டுகளில் மறைந்த இரு அறிஞர்களின் அடக்கத்தலங்கள் அதன் வளாகத்தில் உள்ளன. நம்மூர்ப் பள்ளிகளைப் போன்றே அங்கும் மேற்கு நோக்கியே தொழுகின்றனர்.

உணவுக்கு வருவோம். ஹலால் உணவைச் சீனர் 'சிங்ஜென்' என்பர். தூய்மை, வாய்மை என்னும் பொருள்தரும் இரண்டு எழுத்துகளால் ஆன சொல் அது. உணவகப் பலகைகளில் உள்ள அரபு எழுத்துகளை அகற்றுமாறு 2019இல் அந்நகர அதிகாரிகள் கட்டளையிட்டனர். ஆகவே, அரபு எழுத்தைத் தேடிச் செல்பவர் ஏமாறக்கூடும். அவ்விரு சீன எழுத்துகளை அறிந்தவருக்கோ வழி கிடைக்கும். மொழிக்கல்வி அங்கே வாழ்வின் தேவையாகிவிடுகிறது.

அம்மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கமே பொருளைத் தீர்மானிக்கும். 'மா' என்னும் ஓரசை நான்கு தொனிகளில் தாய், சணல், குதிரை, திட்டுதல் எனப் பொருள் மாறும். பொதுச்சீனத்தின் உச்சரிப்புக்குப் பெய்ஜிங் பேச்சே அடிப்படை என்பதால், கற்போருக்கு அந்நகர் ஏற்ற களமாகும்.

சீனரும் நம் மொழியைக் கற்காமலில்லை. 1963இல் பெய்ஜிங் வானொலி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. அதற்கெனத் தமிழ் பயின்ற சீனர்கள் பலர். அவர்கள் நம் மொழியைத் தேடி வந்தனர். நம் பிள்ளைகள் அவர்கள் மொழியைத் தேடிச் செல்கின்றனர். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு மஅபர் அமைச்சர் வாழ்ந்து மறைந்த நகரம் அது. அங்கே செல்லும் நம் பிள்ளைகள் அவரை அறிந்து செல்லட்டும். அந்த இரண்டு எழுத்துகளையும் கற்றுச் செல்லட்டும்.