கருப்பைக்கு வெளியே வளரும் எலி முளையம்

பாலூட்டிகளின் முளையவிருத்தியை நேரிற் கண்டறிவது எளிதன்று. கோழி முட்டையின் ஓட்டிற் சிறு துளையிட்டால் உள்ளே நிகழ்வதைப் பார்க்கலாம். தவளையின் முட்டை நீரிலேயே வளர்ச்சியடைகின்றது. பாலூட்டியின் முளையமோ தாயின் கருப்பைக்குள் மறைந்திருக்கின்றது. கருவில் ஊனம் ஏற்படும்போது, தாய் உட்கொண்ட மருந்து முளையத்தை நேரடியாகத் தாக்கியதா, அல்லது தாயின் உடல்நிலை பாதிக்கப்பட்டதால் அது நேர்ந்ததா எனப் பிரித்தறிவதும் இதனாற் கடினமாகின்றது.

இத்தடையைக் கடக்க உதவியதே முழு முளைய வளர்ப்பு முறையாகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெனிஸ் நியூ 1960களிலும் 1970களிலும் இதனைச் செம்மைப்படுத்தினார். கருவுற்று ஒன்பதரை நாட்களான எலி முளையத்தை, அதனைச் சூழ்ந்துள்ள கருவூண்பையுடன் பிரித்தெடுத்து, எலிக் குருதியின் நீர்ப்பாயம் கொண்ட கண்ணாடிப் போத்தலில் இடுவர். 37 பாகை செல்சியசில் போத்தல் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். முளையம் வளர வளர, வழங்கப்படும் ஒட்சிசனின் அளவும் படிப்படியாகக் கூட்டப்படும். இவ்வாறு 48 மணித்தியாலங்களுக்குள் இதயம் துடிக்கத் தொடங்குகின்றது, நரம்புக்குழாய் மூடுகின்றது, கை முளைகள் தோன்றுகின்றன. மூளை, இதயம், அவயவங்கள் ஆகியவற்றின் இழையங்கள் உருப்பெறும் காலம் இதுவே.

இம்முறையின் பயன் ஆய்வுகூடத்துடன் நின்றுவிடவில்லை. வளர்ப்பு ஊடகத்தில் குளுக்கோசின் செறிவை மிகையாக்கியபோது எலி முளையங்களில் ஊனங்கள் ஏற்படுவது 1970களின் பிற்பகுதியில் அறியப்பட்டது. மனிதக் கருவில் நரம்புக்குழாய் ஏறத்தாழ 28ஆவது நாளிலேயே மூடிவிடுகின்றது. தான் கருவுற்றிருப்பதைப் பெண் உறுதிசெய்யும் முன்னரே அது நிகழ்ந்துவிடக்கூடும். நீரிழிவு நோயுள்ள பெண் கருத்தரிப்பதற்கு முன்னரே குருதி வெல்லத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

எனினும், எலியில் தீங்கில்லை என்பதால் மனிதருக்கும் தீங்கில்லை எனக் கொள்ளலாகாது. 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்து 1961இல் அங்கு மீளப்பெறப்பட்ட தலிடோமைட் மருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஊனமுறச் செய்தது. ஆனால் எலிகளிலும் சுண்டெலிகளிலும் அது அத்தகைய அவயவக் குறைபாடுகளைத் தோற்றுவிப்பதில்லை.

2021இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவகத்தில் ஜேக்கப் ஹன்னா குழுவினர் ஐந்தரை நாள் வயதான சுண்டெலி முளையங்களைப் பதினோராவது நாள்வரை வளர்த்தனர். சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 20 நாட்களே என்பதால், இது அதன் பாதிக் காலத்தைத் தாண்டியதாகும். சூல்வித்தகத்தின் வழியாகத் தாயின் குருதியிலிருந்து ஊட்டம் கிடைக்காமையால் அதற்கப்பால் முளையம் வாழவில்லை. போத்தல் இன்னும் கருப்பைக்கு ஈடாகிவிடவில்லை. ஆயினும் இந்த எல்லை விரியும் ஒவ்வொரு தடவையும், மனித முளையங்களை எத்தனை நாட்களுக்கு வளர்க்க அனுமதிப்பது என்ற வினா மீண்டும் எழுகின்றது. அதற்கான விடையை விஞ்ஞானிகள் மட்டுமன்றிச் சமூகமும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும்.