தோள்வலு வகுத்த எல்லை: பிரிட்டனில் தேனிரும்பு உற்பத்தி, 1784–1973

தேனிரும்பை எஃகு வென்றதற்கு எஃகின் தரமே காரணம் என்பது பரவலான கருத்து. தரத்தைவிட உற்பத்தி அளவே அதைத் தீர்மானித்தது என்பதும், அந்த அளவுக்கு வரம்பு கட்டியது உலைமுன் நின்ற தொழிலாளியின் உடல்வலுதான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி 1709இல் கல்கரியால் இரும்புத்தாதுவை உருக்கினார். அதன்பின் வார்ப்பிரும்பு படிப்படியாக மலிந்தது. ஆனால் 3–4 சதவீதம் கரிமம் கொண்ட அது சம்மட்டி பட்டால் நொறுங்கும். அடித்து நீட்டத்தக்க தேனிரும்புக்கு மரக்கரி உலையே கதி. நிலக்கரியோடு நேரடியாகச் சேர்த்துக் காய்ச்சினால் கந்தகம் ஏறி, பழுத்த நிலையில் அடிக்கும்போது இரும்பு விண்டுவிடும். அதனால் சுவீடனிடமும் ரஷ்யாவிடமும் பட்டை இரும்பு வாங்கியது பிரிட்டன்.

நெருப்பையும் இரும்பையும் தனித்தனி அறையில் வைத்து, சுவாலையை மட்டும் இரும்பின்மேல் செலுத்தும் எதிரனல் உலை இச்சிக்கலைத் தீர்த்தது. இவ்வுலையில் வார்ப்பிரும்பைக் கிளறித் தேனிரும்பாக்கும் முறைக்கு ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஹென்றி கார்ட் 1784இல் காப்புரிமை பெற்றார். கிரானேஜ் சகோதரர்கள் 1766இலும், பீட்டர் ஆனியன்ஸ் 1783இலும் ஏறத்தாழ இதே வழியில் முயன்றவர்கள். எனவே கார்டை மட்டும் 'கண்டுபிடித்தவர்' என்பது மிகை. உலையையும் வரிப்பள்ளம் கொண்ட உருளைகளையும் ஒரே தொடராக இணைத்ததே அவர் சாதனை.

பட்லிங் எனப்பட்ட இம்முறையின் நுட்பம் உருகுநிலையில் இருக்கிறது. வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1200 பாகையில் உருகும். தூய இரும்புக்கு 1538 பாகை வேண்டும். கிளறக் கிளறக் கரிமம் எரிந்து நீல நாக்குகளாக வெளியேறும். உலையின் வெப்பம் போதாமல் குழம்பு இறுகத் தொடங்கும். களி கிண்டியவருக்கு இந்த இறுக்கம் புரியும். எப்போது பதம் வந்தது என்பதைச் சொல்ல அக்காலத்தில் கருவி இல்லை. தொழிலாளியின் கண்ணும் கைப்பிடியில் உணரும் கனமுமே அளவுகோல். பிறகு அவர் இறுகிய குழம்பை உருண்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக வெளியே இழுப்பார். ஓர் உருண்டை சுமார் 35–40 கிலோ. அதற்குமேல் ஒருவரால் புரட்ட முடியாது. டிப்டனில் ஜோசப் ஹால் உலைப்படுகைக்கு மணலை விட்டு இரும்பு ஆக்சைடு நிறைந்த கசடைப் பயன்படுத்தி இரும்பு வீணாவதைக் குறைத்தார். ஆனால் ஒரு கொதிப்புக்கு ஏறத்தாழ 200 கிலோ, இரண்டு மணிநேரம் என்ற கணக்கு பெரிதாக மாறவில்லை.

சம்மட்டியடியில் உருண்டையிலுள்ள கசடின் பெரும்பகுதி பிதுங்கி வழியும். எஞ்சியது உருளையில் இழைகளாக நீளும். இந்த நார்த்தன்மை கொண்ட இரும்பு இழுவிசையைத் தாங்கும். 1847இல் செஸ்டர் அருகே வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்து டீ ஆற்று ரயில் பாலம் சரிந்தபின், பொறியாளர்கள் தேனிரும்பை நாடினர். 1850இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்தின் குழாய்கள் தேனிரும்பாலானவை. எஃகு ஏராளமாகக் கிடைத்த 1880களிலும் ஈஃபெல் தம் கோபுரத்துக்குச் சுமார் 7,300 டன் பட்லிங் இரும்பையே தேர்ந்தார். தரம் மட்டுமே அளவுகோலாயிருந்தால் இத்தேர்வை விளக்குவது கடினம்.

பெசமர் 1856இல் அறிவித்த முறையோ பல டன் இரும்பைச் சுமார் இருபது நிமிடத்தில் எஃகாக்கியது. கிளறும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க 1870களில் டாங்க்ஸின் சுழல் உலை முயன்றது. உட்பூச்சு நிலைக்காமல் தோற்றது. நாளடைவில் சங்கிலி, கொக்கி போன்ற அதிர்ச்சி தாங்கும் பொருள்களுக்காகவே பெரும்பாலும் தேனிரும்புத் தொழில் தொடர்ந்தது. போல்டனின் தாமஸ் வாம்ஸ்லி ஆலை 1973இல் நின்றது. அதன் இயந்திரங்கள் பிளிஸ்ட்ஸ் ஹில் அருங்காட்சியகத்துக்குப் போயின.