கிரீன் டீ குடிப்பதும், கிரீன் டீ மாத்திரை போடுவதும் ஒன்றா? ஃபிளேவனாய்டு பற்றி தெரிஞ்சுக்கோங்க!

'ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது' என்ற வாசகத்தோடு விற்கப்படும் பல பொருட்களில் இருப்பது ஃபிளேவனாய்டு. உணவில் இருந்து கிடைக்கும்போது நல்லதுதான். அதையே மாத்திரையாகப் போட்டால் கூடுதல் பலன் கிடைக்குமா?

ஃபிளேவனாய்டு என்றால் என்ன?

புற ஊதாக் கதிர், பூஞ்சை, பூச்சி ஆகியவற்றில் இருந்து தற்காத்துக்கொள்ள தாவரங்கள் உருவாக்கும் வேதிப்பொருட்கள் இவை. 6,000-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. நாவல்பழத்தின் ஊதா நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் இதில் ஒன்று. ஆனா கேரட்டின் ஆரஞ்சு நிறமும் தக்காளியின் சிவப்பும் கரோட்டினாய்டு என்ற வேறு குடும்பம்.

எதில் கிடைக்கும்?

* வெங்காயம்: குவர்செடின் உள்ளது. வெளி அடுக்குகளில்தான் அதிகம். காய்ந்த தோலை மட்டும் உரித்தால் போதும்.
* முருங்கைக்கீரை: இதிலும் குவர்செடின் உண்டு. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீங்க, அதில் ஒரு பகுதி போய்விடும்.
* ஆரஞ்சு: ஹெஸ்பெரிடின் உள்ளது. சுளையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியில் அதிகம்.
* தேநீர்: கேட்டசின் உள்ளது. கிரீன் டீயில் அதிகம்.

உடலில் என்ன செய்கிறது?

சோதனைக் குழாயில் இவை செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்குகின்றன. ஆனா நாம் சாப்பிடுவதில் சிறு பகுதிதான் ரத்தத்துக்குப் போகிறது. அதையும் உடல் வேறு பொருளாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் திறனைக் காட்டும் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012-ல் நீக்கியதற்கும் இதுதான் காரணம். சோதனைக் குழாய் அளவீட்டை வைத்து உடலுக்கான பலனைச் சொல்ல முடியாது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

நெதர்லாந்தில் 805 முதியவர்களிடம் நடந்த ஆய்வு 1993-ல் வெளியானது. தேநீர், வெங்காயம், ஆப்பிள் மூலம் ஃபிளேவனாய்டு அதிகம் எடுத்தவர்களிடம் இதயநோய் மரணம் குறைவாக இருந்தது. ஆனா அதற்கு இதுதான் காரணம் என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் 21,442 பேருக்கு கோகோ ஃபிளேவனால் மாத்திரையோ, போலி மாத்திரையோ கொடுத்து நடத்திய 'காஸ்மோஸ்' ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட மொத்த பாதிப்புகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இதய, ரத்தநாள நோய் மரணம் மட்டும் 27% குறைந்திருந்தது.

யார் கவனமா இருக்கணும்?

* கிரீன் டீ மாத்திரை எடுப்பவர்கள்: மாத்திரை மூலம் தினமும் 800 மி.கி. அல்லது அதற்கு மேல் இ.ஜி.சி.ஜி என்ற கேட்டசின் எடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. வழக்கமான முறையில் போட்டுக் குடிக்கும் கிரீன் டீ பொதுவாக பாதுகாப்பானது என்றும் கூறியது. மாத்திரை எடுப்பவருக்கு கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர் நிறமானாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்க.
* ரத்தசோகை உள்ளவர்கள்: கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேருவதை தேநீர் தடுக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க.
* தினமும் மருந்து எடுப்பவர்கள்: மருத்துவரிடம் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொடங்காதீங்க.

ஆரோக்கியமான ஒருவருக்கு தினசரி சாப்பாட்டில் காய், கீரை, பழம் இருந்தாலே தேவையான ஃபிளேவனாய்டு கிடைத்துவிடும். தனியாக மாத்திரை தேவையில்லை.